வருமுன் காக்கும் மருத்துவம்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் வாழ்வு நமக்குக் கூறுவது

ஜெகதாப்பட்டினத்திலோ அதனை அடுத்த கடலோர ஊர்களிலோ நீங்கள் வசிப்பவராயின், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்னும் பெயரைக் கேட்டிருப்பீர்கள். உங்கள் வீட்டில் ஒரு பெண் கருவுற்றவுடன் கிராம சுகாதார செவிலியர் எழுதிக்கொள்ளும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தப் பெயருக்குரியவர் யார், எங்கே பிறந்தார், எதைக் கற்றார் என்பதை அறிந்தவர்கள் சிலரே.

இப்பக்கம் அவருடைய வாழ்வைச் சுருக்கமாக எடுத்துரைக்கிறது. மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் ஏன் மேலும் பயில்கிறார், நோய்த்தடுப்பிலும் பொதுச் சுகாதாரத்திலும் மருத்துவர்கள் பெறும் சிறப்புப் பயிற்சி எத்தகையது, அதனால் நோயாளியான உங்களுக்கும் உங்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் என்ன பயன் என்பவற்றையும் அதனோடு சேர்த்து விளக்குகிறது.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் ஆட்சிக்கு உட்பட்ட தனி சமஸ்தானம். ஜெகதாப்பட்டினம் அமைந்துள்ள கடற்கரைப் பகுதி அந்தச் சமஸ்தானத்தைச் சேர்ந்ததன்று. அது தஞ்சாவூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் இவ்விரு நிலப்பகுதிகளும் ஒரே மாவட்டத்தின் கீழ் வந்தன.

அவருடைய தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் பிறந்தவர். பெண்கள் பூப்பெய்தியதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்படுவது அக்கால வழக்கம். முத்துலட்சுமியும் அவ்வாறே வீட்டிற்குள் இருக்க நேர்ந்தது. ஆயினும் அவர் வீட்டிலிருந்தே பாடங்களைப் பயின்று மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். அதன்பின் ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி வழங்கியதால், அக்கல்லூரியின் முதல் மாணவியாக அவர் சேர்ந்தார்.

1907-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் எழும்பூரில் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றினார். 1914-ஆம் ஆண்டு மருத்துவர் சுந்தர ரெட்டி அவர்களை மணந்தார். கணவர் தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் பணிக்குத் தடையாக இருக்கக்கூடாது என்பன திருமணத்திற்கு முன்னரே அவர் வைத்த நிபந்தனைகள்.

தங்கையின் மறைவு

அடுத்த பத்தாண்டுகளில் அவர் மகளிர் மருத்துவத்தில் பெயர் பெற்றார். 1920-களின் தொடக்கத்தில் அவருடைய இளைய தங்கை நோய்வாய்ப்பட்டார். அந்நோய் முதலில் வயிற்றுக்கடுப்பு எனக் கருதப்பட்டது. உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். அஃது அறியப்பட்டபோது காலம் கடந்திருந்தது. இளம் வயதிலேயே தங்கை உயிரிழந்தார்.

குடும்பத்தில் மருத்துவர் இருந்தும் இவ்வாறு நேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் வழிமுறைகளும், அதற்கென அமைந்த மருத்துவமனையும், அதில் தேர்ச்சி பெற்ற மருத்துவர்களும் அன்றைய சென்னை மாகாணத்தில் இல்லை. ஒரு நல்ல மருத்துவரின் திறமை மட்டும் போதாது, நோயைக் காலத்தில் கண்டறியும் ஓர் ஏற்பாடே தேவை என்பதை இந்த இழப்பு உணர்த்தியது. அம்மையாரின் பிற்காலப் பணிகள் பலவற்றுக்கு இந்த நிகழ்வே தூண்டுகோலாக அமைந்தது.

இலண்டனில் மேற்பயிற்சி

1925-ஆம் ஆண்டு, மகளிர் மற்றும் குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெறுவதற்காக அரசின் உதவித்தொகையுடன் அவர் இலண்டன் சென்றார். அப்போது அவர் பட்டம் பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கணவரும் குழந்தைகளும் இருந்தனர். சென்னையில் நிலைத்த பணி இருந்தது. இருந்தும் மீண்டும் மாணவியாவதற்கு அவர் தயங்கவில்லை. இலண்டனில் செல்சி மகளிர் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். 1926-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

மருத்துவக் கல்லூரியில் பெறும் முதற்பட்டம், எல்லா நோய்களைப் பற்றியும் அடிப்படை அறிவைத் தருகிறது. அதன் பின்னர் ஒரு துறையில் ஆழ்ந்து பயில்வதே மேற்பயிற்சி. உங்கள் மருத்துவர் சில காலம் பணியிலிருந்து விலகிப் படிக்கச் செல்கிறார் எனக் கேள்விப்பட்டால், அது உங்களுக்கு இழப்பன்று. பிற்காலத்தில் உங்களைப் போன்ற பலருக்கு அதனால் நன்மை விளையும்.

ஒரு நோயாளியிலிருந்து ஒரு மாகாணத்திற்கு

நாடு திரும்பிய அம்மையார், சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் கைது செய்யப்பட்டதை அடுத்துப் பதவி விலகும் வரை, அவர் அம்மன்றத்தில் ஆற்றிய பணிகளில் பல, இன்று நாம் பொதுச் சுகாதாரம் எனக் குறிப்பிடும் துறையைச் சார்ந்தவை.

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை நடைபெற வேண்டும் என அவர் வலியுறுத்தினார். மகப்பேறு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு வேண்டும் என்றார். பெண்களின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சிறுமிகள் கோயில்களுக்குத் தேவதாசிகளாக அர்ப்பணிக்கப்படும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அவ்வழக்கத்தை முற்றிலும் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டு நிறைவேறியது. ஆதரவற்ற சிறுமிகளுக்காக அவர் தொடங்கிய அவ்வை இல்லம் இன்றும் சென்னை அடையாற்றில் இயங்கி வருகிறது.

திருமண வயதுக்கும் மருத்துவத்திற்கும் என்ன தொடர்பு என நீங்கள் வினவலாம். உடல் வளர்ச்சி முற்றுப்பெறாத சிறுமி கருவுற்றால், இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம், வலிப்பு, தடைப்பட்ட பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகிய ஆபத்துகள் மிகுகின்றன. மகப்பேறு மருத்துவர் இவற்றுக்கு ஒவ்வொருவராகச் சிகிச்சை அளிக்கிறார். திருமண வயதை உயர்த்தும் சட்டமோ ஆயிரக்கணக்கான சிறுமிகளை இந்த ஆபத்துகள் அணுகாமலேயே காக்கிறது. நோயின் வேரைத் தேடிச் செல்லும் இந்த அணுகுமுறையே நோய்த்தடுப்பு மருத்துவத்தின் அடிப்படை. அம்மையார் பெற்றது மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவப் பயிற்சி. அதனைச் செயற்படுத்திய முறையோ பொதுச் சுகாதார மருத்துவருக்குரியது.

அடையாறு புற்றுநோய் நிலையம்

தங்கையின் மறைவை அவர் மறக்கவில்லை. 1935-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். அது நிறைவேறப் பல ஆண்டுகள் ஆயின. இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் நிதி திரட்டினார். 1952-ஆம் ஆண்டு பிரதமர் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிலையம் செயற்படத் தொடங்கியது. அப்போது அம்மையாருக்கு வயது 67. அவருடைய மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் இணைந்த மருத்துவர் சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர்.

அந்நிலையம் சிகிச்சையோடு நின்றுவிடவில்லை. புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் பணி, எந்தப் பகுதியில் எவ்வகைப் புற்றுநோய் மிகுதி என்பதைக் கணக்கிடும் பதிவேடு, இளம் மருத்துவர்களுக்குப் புற்றுநோயியலில் உயர்நிலைப் பயிற்சி ஆகியவையும் அங்கு வளர்ந்தன. அம்மையார் 1956-ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றார். 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் மறைந்தார். அவருடைய பிறந்த நாளான ஜூலை 30, தமிழ்நாட்டில் மருத்துவமனை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நோய்த்தடுப்பில் சிறப்புப் பயிற்சி: அன்றும் இன்றும்

அம்மையார் பணியாற்றிய அதே காலத்தில், நோய்த்தடுப்பு ஒரு தனி மருத்துவத் துறையாக நம் நாட்டில் உருப்பெற்று வந்தது. சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத் துறை 1920-களில் தனித்துறையாயிற்று. 1932-ஆம் ஆண்டு கல்கத்தாவில் அகில இந்திய சுகாதாரம் மற்றும் பொதுச் சுகாதார நிறுவனம் தொடங்கப்பட்டு, மருத்துவர்களுக்கு இத்துறையில் பயிற்சி அளித்தது. 1939-ஆம் ஆண்டு சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய், தாய்சேய் நலம் ஆகியவற்றில் அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் உள்ள கடமைகளை அச்சட்டம் வகுத்தது. 1946-ஆம் ஆண்டு அறிக்கை அளித்த போர் குழு, ஒவ்வொரு மருத்துவ மாணவரும் நோய்த்தடுப்பு மற்றும் சமூக மருத்துவத்தில் மூன்று மாதப் பயிற்சி பெற வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

இன்று எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்ற மருத்துவர் சமுதாய மருத்துவத்தில் எம்.டி. என்னும் மூன்றாண்டு முதுநிலைப் பட்டம் பெறலாம். பொதுச் சுகாதாரத்தில் பட்டயப் படிப்பும் உண்டு. இப்பயிற்சியில் அவர்கள் கற்பவை:

- நோய் யாருக்கு, எங்கு, எப்போது, எதனால் வருகிறது என ஆராயும் நோய்ப்பரவலியல்
- எண்களைப் பிழையின்றித் திரட்டி ஆராய உதவும் புள்ளியியல்
- தாய்சேய் நலம், தடுப்பூசி, ஊட்டச்சத்து
- குடிநீர், கழிவு அகற்றல், கொசு ஒழிப்பு
- தொழில்சார் நோய்கள்
- சுகாதார நிர்வாகமும் மக்களிடம் எடுத்துரைக்கும் முறையும்

இவற்றை வகுப்பறையில் மட்டும் கற்க இயலாது. ஆகவே பயிற்சி மருத்துவர்கள் ஊர்களுக்கு வருகின்றனர். வீடு வீடாகச் செல்கின்றனர். தண்ணீர்த் தொட்டியைப் பார்வையிடுகின்றனர். அங்கன்வாடியில் குழந்தைகளின் எடையைப் பார்க்கின்றனர். அவர்கள் உங்கள் வீட்டு வாயிலில் நின்று வினவும்போது, அஃது அவர்களின் மருத்துவப் பணியின் பகுதியே என அறிந்து உண்மையான விவரங்களைக் கூறுங்கள். நோயாளி மறைக்கும் செய்தி மருத்துவரின் கணிப்பைப் பிழையாக்குவது போல, ஊர் மறைக்கும் செய்தி ஊருக்கான திட்டத்தைப் பிழையாக்கும்.

கடலோர ஊரில் இம்மருத்துவரின் பணி

உங்கள் ஊரில் ஒரே வாரத்தில் பல குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏற்படுவதாகக் கொள்வோம். மருத்துவமனையில் உள்ள மருத்துவர் ஒவ்வொரு குழந்தைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் அளித்துக் காப்பாற்றுவார். பொதுச் சுகாதார மருத்துவர், அக்குழந்தைகள் எந்தத் தெருவினர், எந்தக் குழாயில் நீர் பிடித்தனர் என விசாரிப்பார். நீரைப் பரிசோதனைக்கு அனுப்புவார். உடைந்த குழாய் சாக்கடையோடு கலக்குமிடத்தைக் கண்டறிந்து சரிசெய்யச் செய்வார்; தொட்டியில் குளோரின் இடச் செய்வார். முதலாமவர் நோயுற்றவரைக் காக்கிறார். இரண்டாமவர் இன்னும் நோயுறாதவரைக் காக்கிறார். இருவரும் தேவை.

புயலும் மழையும் கடந்தபின் குடிநீரைத் தூய்மைப்படுத்துவதும், தேங்கிய நீரில் கொசு பெருகாமல் தடுப்பதும், முகாம்களில் தொற்றுநோய் பரவுகிறதா எனக் கண்காணிப்பதும் இவர்களின் பொறுப்பே. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், தமிழ்நாட்டில் அந்த மரணம் ஆய்வுக்கு உட்படுத்தப்படுகிறது. எங்கே தாமதம் நேர்ந்தது, வீட்டிலா, வழியிலா, மருத்துவமனையிலா என அந்த ஆய்வு கேட்கிறது. அடுத்த தாயைக் காப்பதே அதன் நோக்கம். ஆகையால், அத்தகைய துயரம் நேர்ந்த குடும்பத்தினர் விசாரணைக்கு அஞ்ச வேண்டியதில்லை. நடந்ததை நடந்தவாறே கூறுவது பிற தாய்மார்களைக் காக்கும்.

கருவுற்ற தாய்மார்களுக்கும் குடும்பத்தினருக்கும்

கருவுற்ற 12 வாரங்களுக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். பிரசவத்திற்குள் குறைந்தது நான்கு முறையேனும் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம், எடை, இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு ஆகியவற்றைக் கேட்டறியுங்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை ஆகும். இரும்புச்சத்து மாத்திரைகளை இடையில் நிறுத்தாதீர்கள். அவற்றைத் தேநீருடன் சேர்த்து உட்கொள்ளாதீர்கள். தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், தகுதியுள்ள ஏழைத் தாய்மார்களுக்கு ரொக்கமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி தவணைகளில் வழங்கப்படுகிறது. பதிவும் பரிசோதனையும் தடுப்பூசியும் உரிய காலத்தில் நிறைவேறினால்தான் தவணைகள் கிடைக்கும் என்பதற்குக் காரணம் உண்டு: தாய் காலம் தவறாமல் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பதே திட்டத்தின் முதல் நோக்கம்.

கடுமையான தலைவலி, கண் மங்கல், முகத்திலும் கைகளிலும் வீக்கம், வலிப்பு, இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் உடனே 108 ஊர்தியை அழையுங்கள். கடலுக்குச் சென்ற கணவர் திரும்பட்டும் எனக் காத்திருக்காதீர்கள். ஆண்கள் கடலில் இருக்கும் நாட்களில் யார் உடன் செல்வது, மற்றக் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது, எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பவற்றை எட்டாம் மாதத்திற்குள் குடும்பத்தில் முடிவு செய்துவிடுங்கள்.

காலத்தில் கண்டறிய வேண்டிய நோய்கள்

அம்மையாரின் தங்கைக்கு நேர்ந்தது இன்று உங்கள் வீட்டில் நேரக்கூடாது. கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஒன்று தோன்றினாலும் கைவைத்தியத்திலோ மருந்துக்கடை மாத்திரையிலோ நாட்களைக் கடத்தாமல் மருத்துவரைக் காணுங்கள்.

- மலத்தில் இரத்தம், அல்லது மூன்று வாரங்களுக்கு மேல் மலம் கழிக்கும் பழக்கத்தில் மாறுதல்
- வாயில் மூன்று வாரங்களாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
- மார்பகத்தில் கட்டி, தோல் சுருக்கம், காம்பிலிருந்து இரத்தம் கசிதல்
- மாதவிடாய் நின்றபின் அல்லது உடலுறவுக்குப்பின் இரத்தப்போக்கு

இவையெல்லாம் புற்றுநோயாகவே இருக்கும் என்பதில்லை. மூலநோயாகவோ சாதாரணப் புண்ணாகவோ இருக்கலாம். அதனை உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர். அறிகுறி ஏதும் இல்லாவிடினும், 30 வயது கடந்த பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் அரசு நிலையங்களில் இலவசப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

ஆண்களும் இதில் விலக்கல்லர். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகையும் இயந்திரத்தையும் பழுதுபார்க்கும் அந்நாட்களில் ஒரு காலைப் பொழுதை உடலுக்கும் ஒதுக்குங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப் பரிசோதனை மூன்றும் ஒரே வருகையில் முடியும். இரத்த அழுத்தம் இருப்பதாகத் தெரிந்தால், கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்துக்கொள்ள வேண்டும். கடலுக்குச் செல்லும் நாட்களுக்கு வேண்டிய மாத்திரைகளை முன்கூட்டியே பெற்று உடன் எடுத்துச் செல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள் வீட்டிற்கு வரும்போது ஆண்கள் கடலில் இருப்பின், வீட்டிலுள்ளோர் அவர்களின் பெயரையும் பதிவு செய்து, திரும்பும் நாளைத் தெரிவியுங்கள்.

பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவினர் குழந்தையிடம் குறை ஏதேனும் கண்டு மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுதித் தந்தால், அதனைப் பையில் வைத்து மறந்துவிடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்தில் கேட்டு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகின்றன. அன்று கேட்கப்பட்டது இன்று உங்கள் பிள்ளையின் பள்ளி வாயிலுக்கு வருகிறது. அதைப் பயன்படுத்திக்கொள்வது பெற்றோரின் கடமை.

உடல்நலம் குறித்த ஐயங்களுக்கு 104 என்னும் எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்னும் எண்ணையும், சிறுமிகளின் திருமணத்தைத் தடுக்க 1098 என்னும் எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம். இப்பக்கத்தில் உள்ள செய்திகள் பொது அறிவுக்கானவை. உங்களுக்குரிய சிகிச்சையை உங்கள் மருத்துவரே முடிவு செய்வார்.